ரேடியேட்டர்க் கசிவும் அதன் பரிகாரமும்

ஒரு சங்கத்தின் கணக்குகளை ஆய்வு செய்தபோது, அச்சங்கத்தின் பழைய டீசல் வேனுக்குரிய ஓட்டப் பதிவேட்டையும் பார்க்க நேர்ந்தது. நூல் மூட்டைகளைக் கொண்டு வருவதும், நெய்த சேலைகளை விற்பனை நிலையத்தில் சேர்ப்பதும் அவ்வண்டியின் வேலை. பதிவேட்டில் வாரம் ஒரு முறை, “ரேடியேட்டருக்குத் தண்ணீர் 1 லிட்டர்” என்று எழுதப்பட்டிருந்தது. சில பக்கங்கள் கடந்ததும் அது இரண்டு லிட்டராயிற்று. பின்னர் ஒவ்வொரு நடைக்கும் அதே குறிப்பு. இறுதியாக, “வழியில் எஞ்சின் நின்றது, இழுத்து வரப்பட்டது” என்றிருந்தது.

தீபாவளிக்குச் சில நாட்களே இருந்த சமயம் அது. எஞ்சினின் மேற்பாகம் சூட்டினால் வளைந்துவிட்டது. பழுது பார்த்த செலவு, நெசவாளருக்கு ஒதுக்கியிருந்த போனஸ் தொகையைத் தொட்டுவிட்டது. இத்தனைக்கும் காரணம், ரப்பர்க் குழாயொன்றின் துருப்பிடித்த கிளிப்! தண்ணீர் ஊற்றியதை எழுதியவர் உண்டு. ஊற்றிய தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்டவர் இல்லை. அப்பதிவேட்டின் நடுப்பக்கத்தில், முந்தைய ஆய்வின் தேதியிட்டு, என் கையொப்பமும் இருந்தது. நானும் கேட்கவில்லை. அக்குறையை ஓரளவேனும் தீர்க்கும் பொருட்டே இப்பாடத்தை எழுதுகிறேன். சங்கத்து வேனாயினும், அங்கத்தினரின் சொந்த ஜீப்பு அல்லது டிராக்டராயினும், நீரால் குளிரும் எந்தப் பழைய வண்டிக்கும் இது பொருந்தும்.

நீரின் வேலை

எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரில் சேர்கிறது. வாட்டர் பம்பு அந்நீரை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே காற்றுப் பட்டு ஆறி, நீர் மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது.

சாதாரணமாக நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். உதகமண்டலம் போன்ற உயரமான ஊர்களில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ஆனால் ரேடியேட்டரின் மூடி, நீரை அழுத்தத்தில் அடக்கி வைக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.9 கிலோ அழுத்தமுள்ள மூடியாயின், சமவெளியில் நீர் 120 டிகிரி அளவில்தான் கொதிக்கும். ஆகவே மூடியும் ஒரு கருவியே. மிகப் பழைய வண்டிகளில் இவ்வழுத்தம் குறைவு. மூடியை மாற்றும்போது பழைய மூடியில் பொறித்துள்ள எண்ணையே கேட்டு வாங்க வேண்டும்.

முதல் எச்சரிக்கை

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. திறந்த மாத்திரத்தில் அழுத்தம் நீங்கி, உள்ளிருக்கும் நீர் ஆவியோடு சீறி எழுந்து முகத்தையும் கைகளையும் வெந்து போகச் செய்யும். மேற்குழாயைக் கையால் அழுத்தினால் சூடின்றி எளிதில் குழைய வேண்டும். அதன் பின்னரே, தடித்த துணியை மேலே போர்த்தி, மூடியை மெல்லத் திருப்ப வேண்டும்.

வழியில் சூடு ஏறினால், வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறும் வரை பொறுத்திருக்க வேண்டும். காய்ந்த இரும்பின் மேல் குளிர்ந்த நீரைக் கொட்டினால் எஞ்சினின் மேற்பாகம் வெடிப்பு விடும். வேறொன்றும் அறியத்தக்கது: நீர் அடியோடு வற்றிவிட்டால், வெப்பமானியின் முனை நீரில் படாமல், முள் கீழே இறங்கியும் காட்டக்கூடும். முள் இறங்கியதைக் கண்டு ஏமாந்து வண்டியை ஓட்டியவர்கள் பலர்.

கசிவைக் கண்டறிதல்

இடம் தெரியாமல் பொருள் வாங்குவது வீண் செலவு. இரவில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் பழைய அட்டையை விரித்து வைக்க வேண்டும். காலையில் ஈரம் பட்ட இடத்திற்கு நேர் மேலே பார்த்தால் பெரும்பாலும் வழி தெரியும். நீர் வழிந்து ஓடி வேறிடத்தில் சொட்டுவதும் உண்டாதலால், ஈரத்தை மேல் நோக்கித் தொடர்ந்து செல்ல வேண்டும். உலர்ந்த கசிவு வெள்ளை, பச்சை அல்லது துரு நிறத்தில் தடம் விட்டிருக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள் இவை: மேற்குழாய், கீழ்க்குழாய் ஆகியவற்றின் முனைகளும் கிளிப்புகளும், ரேடியேட்டரின் இணைப்புகளும் அடியிலுள்ள வடிகால் திருகும், தெர்மோஸ்டாட் மூடியின் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரம். குழாயைக் கையால் பிசைந்து பார்த்தால், வெடிப்பும், ஊறிப் பருத்த மென்மையும், மொரமொரப்பும் தெரிந்துவிடும். சில கசிவுகள் சூடேறி அழுத்தம் கூடும்போது மட்டுமே தோன்றும். எனவே ஓடி நின்ற வண்டியையும், விசிறிக்கு எட்டி நின்று, விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆயினும் நீர் குறைகிறது என்றால் அது கவலைக்குரியது. ஆயில் அளவுக் குச்சியில் எண்ணெய் பால் கலந்த தேநீர் போலிருந்தாலும், புகைக்குழாயில் ஓயாமல் வெண்புகை வந்தாலும், குளிர்ந்த எஞ்சினை மூடியின்றி ஓட்டும்போது ரேடியேட்டரில் இடைவிடாது குமிழிகள் எழுந்தாலும், ஹெட் காஸ்கெட் பழுதுபட்டிருக்கலாம். அத்தகைய வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே முறை.

குழாய் மாற்றும் முறை

வீட்டில் செய்யத்தக்க வேலை இதுவே. வேண்டியவை: ஒரு திருப்புளி, ஸ்பானர், கூரிய கத்தி, உப்புத்தாள், அகன்ற பாத்திரம், அதே உள்விட்டமும் அதே வளைவும் உள்ள புதிய குழாய், இரண்டு புதிய கிளிப்புகள்.

1. எஞ்சின் முற்றிலும் ஆறிய பின், கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். சில வண்டிகளில் மின்விசிறி தானே சுழலத் தொடங்கும்.

2. மூடியைத் திறந்து, வடிகால் திருகைத் தளர்த்தி, நீரைப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும்.

3. கிளிப்பைத் தளர்த்திக் குழாயைத் திருகி இழுக்க வேண்டும். வர மறுத்தால் நெம்பலாகாது. ரேடியேட்டரின் கழுத்து உடைந்துவிடும். பழைய குழாயைக் கத்தியால் நீளவாக்கில் மெல்லக் கீறி உரித்தெடுப்பதே நன்று.

4. கழுத்தில் ஒட்டியுள்ள ரப்பரையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும். இதைச் செய்யாமையால் புதுக் குழாயும் கசிவதுண்டு.

5. புதிய குழாயில் கிளிப்புகளை முன்னரே கோத்து, கழுத்திலுள்ள புடைப்பைத் தாண்டி உள்ளே செலுத்த வேண்டும். கிளிப் அப்புடைப்புக்கும் குழாயின் முனைக்கும் இடையில் அமர வேண்டும். உறுதியாக முடுக்கினால் போதும். ரப்பர் வெட்டுப்படும் அளவுக்கு முடுக்கலாகாது.

6. வடிகால் திருகை மூடி, பாட்டரிக் கம்பியை இணைத்து, நீரை மெதுவாக ஊற்றி, மூடி திறந்தபடியே எஞ்சினைத் தாழ்ந்த வேகத்தில் ஓட விட வேண்டும். உள்ளிருக்கும் காற்று குமிழிகளாக வெளியேறும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேற்குழாய் சூடாகி, நீர் மட்டம் இறங்கும். குறைந்ததை நிரப்பி மூட வேண்டும். இவ்வேலை முடியும் வரை முகத்தை அண்மையில் கொண்டு செல்லலாகாது.

7. சிறிது தூரம் ஓட்டி, ஆறிய பின் மட்டத்தையும் கிளிப்புகளையும் மீண்டும் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பது உத்தமம்.

செய்யத் தகாதவை

மஞ்சள் தூளை ரேடியேட்டரில் இட்டுக் கசிவை நிறுத்துவது ஓட்டுநர்களிடையே பழகிய உபாயம். நடுவழியில், வீடு வந்து சேர்வதற்கு அது உதவலாம். ஆனால் ஓட்டையை அடைக்கும் தூள் மெல்லிய குழல்களையும் அடைக்கும் என்பதை மறக்கலாகாது. ஊர் வந்ததும் ரேடியேட்டரைக் கழுவி, கசிவை முறையாகச் சரி செய்ய வேண்டும்.

வாட்டர் பம்பின் சிறு துவாரத்தில் நீர் சொட்டினால் அதை அடைக்கக் கூடாது. உள்ளிருக்கும் சீல் தேய்ந்தது என்று அறிவிக்கவே அத்துவாரம் உள்ளது. பம்பைப் பழுது பார்க்கவோ மாற்றவோ வேண்டும். செம்பும் பித்தளையுமான பழைய ரேடியேட்டரை அத்தொழில் அறிந்தவர் ஈயம் வைத்துப் பற்றவைப்பார். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தவற்றை அவ்வாறு பற்றவைக்க இயலாது.

எந்த நீரை ஊற்றுவது?

உப்பு நீரில் சாயம் சரியாக ஏறாது என்பதை நெசவாளர் அறிவர். அதே உப்பு ரேடியேட்டரின் உள்ளே படிந்து சுண்ணாம்பாக இறுகி, வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். ஆகையால் பாட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரையே பயன்படுத்த வேண்டும். பனி உறையாத நம் ஊருக்குக் கூலன்ட் எதற்கு என்று சிலர் கேட்பர். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. கூலன்டும் சுத்த நீரும் சரிபாதியாகச் சேர்ப்பது வழக்கம். நிறத்தை நம்பி வெவ்வேறு வகைகளைக் கலக்கலாகாது.

ஆனால் கூலன்டில் பெரும்பாலும் கலந்துள்ள எத்திலின் கிளைகால் கொடிய நஞ்சு. இனிப்புச் சுவையுள்ளதாகையால் நாயும், கன்றும், குழந்தையும் அதை விரும்பிக் குடித்துவிடும். வடித்த நீரைத் திறந்த பாத்திரத்தில் விட்டுச் செல்வதும், வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுவதும் பெரும் பிழை. யாரேனும் குடித்துவிட்டால், அறிகுறி தோன்றும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

முடிவாக ஒரு வார்த்தை

மூடிய அமைப்பில் நீர் தானாகக் குறைவதில்லை. ஊற்றிய அளவை எழுதும் பத்திக்கு அருகே, “எங்கே போயிற்று?” என்று இன்னொரு பத்தியும் பதிவேட்டில் இருக்கட்டும். கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் காரணம் தேடுகிறோம். ஒரு லிட்டர் நீர் குறைந்தாலும் அவ்வாறே தேடுவோமாக. ஓட்டுநர் மட்டுமன்று, நிர்வாகக் குழுவினரும், ஆய்வுக்கு வருகிறவரும் அப்பத்தியைப் படித்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.

அங்கத்தினர் ஆராய்வதற்கான வினாக்கள்

1. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பதால் விளையும் அபாயம் யாது?
2. தரையில் சொட்டாமல் நீர் குறைந்தால் எவற்றைச் சோதிக்க வேண்டும்?
3. உங்கள் சங்கத்து வண்டிக்குச் சென்ற மாதம் எத்தனை லிட்டர் நீர் ஊற்றப்பட்டது? அது எங்கே போயிற்று?