ஞானஸ்நானப் புத்தகத்தில் ஞானத்தாய் தகப்பன் பெயர்



தங்கள் வம்ச வரலாற்றை எழுத விரும்பி, பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்க்கக் கேட்டு வருகிறவர்கள் இந்நாட்களில் அநேகர். பிள்ளையின் பெயரையும் பெற்றோர் பெயரையும் எவரும் எளிதாய் விளங்கிக்கொள்கிறார்கள். ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்ற இடத்துக்கு வந்ததும் தடுமாற்றம் உண்டாகிறது. சிலர் அப்பெயர்களைக் கவனியாமலே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் அவர்களைத் தாய்மாமன், அத்தை என்று வம்சப் பட்டியலில் எழுதிவிடுகிறார்கள். முன்னவர்கள் நல்லதொரு சாட்சியை இழக்கிறார்கள். பின்னவர்கள் இல்லாத உறவை உண்டாக்குகிறார்கள். சம்பந்தம், சொத்து என்ற பேச்சு வரும்போது இப்படிப்பட்ட பட்டியலால் மனஸ்தாபமும் வரும். ஆகையால் இப்பெயர்களை எப்படி வாசிப்பது என்று அறிந்துகொள்வது நன்று.

இப்பெயர்களை எழுதி வைப்பது ஏன்?

1563-ஆம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி திரிதெந்தீன் பொதுச்சங்கம் இதைப் பற்றிக் கட்டளையிட்டது. ஒரு பிள்ளைக்கு ஓர் ஆணோ ஒரு பெண்ணோ, மிஞ்சினால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மாத்திரமே ஞானப் பெற்றோராக நிற்கலாம்; பங்குக் குரு அவர்கள் பெயரைப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது கட்டளை. ஞான உறவு அக்காலத்தில் விவாக விக்கினமாயிருந்தது. ஞானத்தகப்பனோ ஞானத்தாயோ, தங்கள் ஞானப்பிள்ளையையும் அப்பிள்ளையின் தாய் தகப்பனையும் விவாகம் செய்ய முடியாது. இவ்வுறவு யாருக்குள் உண்டு என்று பின்னால் அறியவே எழுத்து வேண்டியிருந்தது.

1918-ல் அமலுக்கு வந்த திருச்சபைச் சட்டம், பிள்ளையின் பெற்றோரை இவ்விக்கினத்திலிருந்து நீக்கியது. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் இலத்தீன் ரீதியாருக்கு இதை முழுவதும் எடுத்துவிட்டது. ஞானத்தகப்பனுடைய மகனுக்கு ஞானப்பிள்ளையைக் கொடுக்கலாகாது என்று இன்றும் சிலர் சொல்லுகிறார்கள். அந்தத் தடையைத் திரிதெந்தீன் சங்கமே விட்டுவிட்டது.

பெயர் நமக்குச் சொல்வது என்ன?

முதலாவது, அந்த ஆள் அத்தேதியில் உயிரோடிருந்தார், கத்தோலிக்கராயிருந்தார், சிறு குழந்தையல்ல என்று அறிகிறோம். ஒரு பாட்டனார் எப்போது இறந்தார் என்று தேடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. இரண்டாவது, பெற்ற தாய் தகப்பன் தங்கள் பிள்ளைக்கே ஞானப் பெற்றோராக நிற்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகையால் தகப்பன் பெயரும் ஞானத்தகப்பன் பெயரும் ஒன்றாயிருந்தால் அவர்கள் இருவர் என்று கொள்ள வேண்டும். மூன்றாவது, ஒரே ஒரு பெயர் மாத்திரம் இருந்தால் எழுத்தில் குறை என்று நினைக்க வேண்டாம்; ஒருவரே போதும்.

பெயர் சொல்லாதது என்ன?

இரத்த உறவை அது சொல்லாது. ஞானத்தகப்பன் மாமனாயிருக்கலாம், சிற்றப்பனாயிருக்கலாம், அடுத்த வீட்டுக்காரராயும் இருக்கலாம். ஒரே பெயர் பல குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தால், அவர் அவ்வூர் உபதேசியாரோ கோவிற்பிள்ளையோ என்று விசாரியுங்கள். புதிதாய் மனந்திரும்பினவர்களுக்குக் கிறிஸ்தவ உறவினர் இராததால், இத்தகையோரே அடிக்கடி முன்நின்றார்கள்.

குடும்பப் பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதகுலத்தார் ஞானஸ்நானம் பெற்ற காலந்தொட்டு பெர்னாந்து, கோமஸ், ரொட்ரிகோ முதலான போர்த்துக்கீசியப் பெயர்கள் அங்கே வழங்கிவருகின்றன. அப்பெயர் ஞானஸ்நானத்தோடு வந்த பெயர். முப்பாட்டனார் போர்த்துக்கீசியர் என்பதற்கு அத்தாட்சியல்ல.

சில இலத்தீன் சொற்கள்

பத்ரீனுஸ் என்றால் ஞானத்தகப்பன். மத்ரீனா என்றால் ஞானத்தாய். ஒரு பெண்ணின் பெயருக்குப்பின் ஊக்ஸோர் என்றிருந்தால் இன்னாருடைய மனைவி. பிலியா என்றிருந்தால் மகள். வீதுவா என்றிருந்தால் விதவை. புரொக்குராத்தோர் என்பவர் வரக்கூடாதவருக்குப் பதிலாக நின்றவர். அவர் ஞானத்தகப்பன் அல்ல. ஒப்ஸ்தேத்ரிக்ஸ் என்பவள் மருத்துவச்சி. சாவாபத்தில் பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்தவள் அவளாயிருக்கலாம்.

விவாகப் புத்தகத்தில் விதிவிலக்குக் கொடுத்ததாகக் கண்டால் இன்னும் கவனமாயிருங்கள். கொக்னாசியோ ஸ்பிரித்துவாலிஸ் என்பது ஞான உறவு. கொன்சாங்குயினித்தாஸ் என்பது இரத்த உறவு. மாமன் மகள், அத்தை மகள் என்று மணமுடிக்கும் நம் குடும்பங்களில் பின்னது அடிக்கடி வரும். ஒன்றை மற்றொன்றாக வாசித்தால் வம்சமே மாறிப்போகும்.

செய்ய வேண்டியது

ஒரு பிள்ளையின் பதிவோடு நின்றுவிடாதீர்கள். அப்பிள்ளையின் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை எல்லாருடைய பதிவுகளையும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஞானத்தகப்பன் இருமுறை வந்தால், அவருடைய சொந்த ஞானஸ்நானப் பதிவைத் தேடுங்கள். அவருடைய பெற்றோரும் உங்கள் பாட்டியின் பெற்றோரும் ஒன்றாயிருந்தால் மாத்திரம் தாய்மாமன் என்று எழுதுங்கள். அதுவரையில் "ஞானத்தகப்பன்" என்றே எழுதி வையுங்கள். அதுவும் உறவுதான், பிள்ளையின் விசுவாசத்துக்காகச் சர்வேசுரன் முன்னிலையில் வார்த்தைப்பாடு கொடுத்தவரின் உறவு.

அப்படிப்பட்டவர்களின் கல்லறை எங்கேயென்று அநேகமாய் நமக்குத் தெரியாது. பெயரைக் கண்டெடுத்த அன்று அந்த ஆத்துமத்துக்காக ஒரு பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் வேண்டிக்கொள்வீர்களாக.

உங்கள் பங்குக் குரு