புறம்போக்கு நிலத்திற் பொதுத் தோப்பு

அநேக கிராமங்களில் மேய்ச்சற் புறம்போக்கு சீமைக் கருவேல் மூடிப் பாழாய்க் கிடக்கின்றது. 1877-ஆம் ஆண்டில் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், அடிக்கட்டை மண்ணிலிருந்தால் மீண்டும் துளிர்க்கும். ஆகையால் வேரோடு பெயர்த்தெடுத்தல் வேண்டும். ஆடுமாடுகள் அதன் காயைத் தின்று விதையைப் பரப்புமாதலால், காய் முற்றுமுன் இவ்வேலையை முடிப்பது உத்தமம்.

பின்னர்த் தாழ்ந்த மூலையிற் குட்டை வெட்டி, அம்மண்ணாற் கரையிடுக. வடகிழக்குப் பருவமழைத் தொடக்கத்தில் நாவல், அத்தி, வேம்பு, புங்கு ஆகிய கன்றுகளை நடுக. பழம் பறவைகளுக்கும் சிறுவருக்கும் ஆகும்; புங்கந்தழை வயலுக்கு உரமாகும். தோப்பிலடையும் மைனாவும் கரிச்சானும் அயல் வயல்களின் புழுபூச்சிகளைத் தின்னும்.

நிற்க, நிலமற்ற ஏழைகளின் வெள்ளாடுகளுக்கு இப்புறம்போக்கே மேய்ச்சல். அவர்களைக் கேளாது போட்ட வேலி ஓராண்டும் நில்லாது. ஆதலின், வேலை தொடங்குமுன் கிராம சபையில் அவர்களோடு கலந்து பேசி, ஒரு பகுதியை மேய்ச்சலுக்கு விட்டு, மறுபகுதிக்கு மட்டும் கிளுவை வேலி வைக்கவும். கன்றுகள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வளர்ந்தபின் அப்பகுதியையும் திறந்துவிடலாம். முதலிரண்டு கோடைகளில் நீர் ஊற்றும் முறைக்காரர் இன்னாரென்பதையும் அச்சபையிலேயே தீர்மானித்து எழுதிவைப்பது அவசியம்.