சொற்பட்டியலைக் கடைசியில் திறக்கலாம்

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் விரிவானமாக வருவது கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலின் ஒரு பகுதி. 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் அது. களைத்து உட்கார்ந்திருக்கும் வழிப்போக்கனை அன்னமய்யா அழைத்துப்போய்ப் பசியாற வைப்பதுதான் கதை. கூடவே கரிசல் சொற்களின் பட்டியல் ஒன்றும் உண்டு: பாச்சல் என்றால் பாத்தி, நீத்துப்பாகம் என்றால் மேல்கஞ்சி, மகுளி என்றால் சோற்றுக்கஞ்சி, வரத்துக்காரன் என்றால் புதியவன். இதை முதலில் கரும்பலகையில் எழுதிப்போட்டு, நெட்டுருப் போடவைத்து, பிறகு கதைக்குள் நுழைவது வழக்கம். அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கட்சி. சொல்லுக்கு அர்த்தம் தருவது அது வரும் இடம். இடத்தைக் காட்டாமல் அர்த்தத்தை மட்டும் கொடுத்தால், பரீட்சை முடிந்த மறுநாளே இரண்டும் மறந்துபோகும்.

வகுப்புக்கு முந்தின நாள் ஆசிரியர் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பென்சிலை எடுத்துச் சொற்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். தெரியாவிட்டால் கதையே நின்றுவிடும் சொற்கள் சில; படிக்கப் படிக்கப் பிடிபடுபவை மற்றவை. முதல் வகைக்கு நல்ல உதாரணம் இந்த நாவலுக்கு முந்தைய ‘கோபல்ல கிராமம்’ (1976). அதில் தண்ணீர் குடிக்க வந்த ஒரு பெண் அவள் காதிலிருந்த பாம்படத்துக்காகக் கொல்லப்படுகிறாள். பாம்படம் எவ்வளவு பெரிய தங்க நகை, வளர்த்த காதில் அது எப்படித் தொங்கும் என்று தெரியாத பிள்ளைக்குக் கொலைக்கான காரணமே விளங்காது. இதற்கு ஊகமெல்லாம் வேண்டாம். படத்தைக் காட்டிவிட்டு மேலே போகலாம். நம் பாடப்பகுதியில் இப்படி முன்கூட்டியே சொல்லியாக வேண்டிய சொல் ஒன்றிரண்டுக்கு மேல் தேறாது.

அடுத்து, பகுதி முழுவதையும் நிறுத்தாமல் உரக்கப் படிக்க வேண்டும். நடுவில் அர்த்தம் கேட்டுக் கை தூக்கினால், அந்தச் சொல்லின் கீழ் கோடு போடச் சொன்னால் போதும். இரண்டாம் வாசிப்பில்தான் கோடிட்ட சொற்களிடம் நிற்க வேண்டும். உதாரணமாக, வீரகேரளம்புதூரில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி. ஊர் சிற்றாற்றங்கரையில் இருக்கிறது. கரிசலோ வடக்கே சங்கரன்கோவில் பக்கம். இந்தச் சொற்கள் அவர்களுக்கு முழுக்கச் சொந்தமும் இல்லை, முழுக்க அந்நியமும் இல்லை. பாவூர்சத்திரம் சந்தையில் ‘இன்னைக்குத் தக்காளி வரத்து கூட’ என்று கேட்டிருக்கும் பிள்ளை, குளத்துக்கு நீர் வரத்து என்று கேட்டிருக்கும் பிள்ளை, வரத்துக்காரன் யார் என்று தானே கண்டுபிடித்துவிடும். நீத்துப்பாகமும் மகுளியும் ஒரே பானைக் கஞ்சிதான். ஒன்று மேலே தெளிந்து நிற்பது, மற்றது சோறு சேர்ந்தது. பசித்து வந்தவனுக்கு எதை முதலில் கொடுக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். ‘கடிச்சு குடித்தல்’ என்றால் வாய்வைத்துக் குடித்தல் என்று எழுதிக்கொண்டால் மட்டும் போதாது. அண்ணாந்து குடிப்பதுதான் முறை என்றிருந்த ஊர்களில், முன்பின் தெரியாதவன் பாத்திரத்தில் வாய் வைக்கலாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? சாதி பற்றிய பேச்சு அங்கே தானாக வந்துவிடும். ஆசிரியர் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஊகித்ததைச் சரிபார்க்க முதலில் வீட்டுக்கு அனுப்பலாம். ஆச்சியிடமோ தாத்தாவிடமோ கேட்டு, அவர்கள் அதே பொருளுக்குச் சொல்லும் வேறு சொல் இருந்தால் அதையும் குறித்து வரட்டும். கி.ரா.வும் அகராதிக்கு ஆள் வாயிலிருந்துதான் சொல் சேர்த்தார். அவருடைய கரிசல் வட்டார வழக்கு அகராதி 1982இல் வந்தது. பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்த பிறகுதான் பாடநூல் பட்டியலைத் திறக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்ய நேரம் எங்கே என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பொதுத்தேர்வில் விரிவானத்துக்கு வருவது எட்டு மதிப்பெண் நெடுவினா. சொற்பொருள் பட்டியலை ஒப்பித்து அதற்கு விடை எழுத முடியாது; காட்சி மனத்தில் நின்றால்தான் எழுத முடியும். வட்டாரச் சொல்லைக் கொண்டாடினால் பிள்ளைகளின் எழுத்துநடை கெட்டுப்போகும் என்பது இன்னொரு கவலை. திசைச்சொல்லைச் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களில் ஒன்றாகத் தொல்காப்பியமே வைத்திருக்கிறது. விடைத்தாளில் வட்டாரச் சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு, சுற்றியுள்ள வாக்கியத்தைப் பொதுநடையில் எழுதப் பழக்கினால் இரண்டும் காப்பாற்றப்படும். மெல்லப் படிக்கும் பிள்ளை தடுமாறும் என்ற மறுப்புக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு தோழியையோ தோழனையோ உட்காரவைக்கலாம், அல்லது முன்கூட்டிச் சொல்லும் சொற்களை இரண்டு கூட்டிக்கொள்ளலாம்.

இலக்கியக் கலைச்சொற்களுக்கும் இதே வரிசைதான், இன்னும் கறாராக. ‘பாத்திரப்படைப்பு’, ‘நோக்குநிலை’, ‘குறியீடு’ என்று வரையறையோடு தொடங்கினால் பிள்ளைகள் வரையறையைத்தான் படிப்பார்கள், கதையைப் படிக்க மாட்டார்கள். வந்தவனை நாம் யார் கண்ணால் பார்க்கிறோம் என்று கேளுங்கள். அன்னமய்யாவின் கண்ணால் என்ற பதில் வந்தபின் அதற்குப் பெயர் நோக்குநிலை என்று சொல்லுங்கள். சோறு கிடைக்கச் செய்பவனுக்கு அன்னமய்யா என்று பெயர் வைத்தது தற்செயலா என்று கேட்டு, வகுப்பு கொஞ்சம் சண்டை போட்டபின் குறியீட்டைப் பற்றிப் பேசலாம். ஒரு பாடத்துக்கு மூன்று கலைச்சொல் தாராளம்.

கற்றது தங்கியிருக்கிறதா என்று பார்க்க, பத்து நாள் கழித்துப் புத்தகத்தை மூடவைத்து, தங்கள் தெருவுக்கு ஒரு வரத்துக்காரர் வந்ததாக அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். கரிசல் சொல் இரண்டு இடம் பிசகாமல் வந்திருக்க வேண்டும். எழுதியவரே யாருடைய நோக்குநிலையில் எழுதினார் என்று ஓரத்தில் குறித்திருக்கவும் வேண்டும். சொல் இடம் தவறி வந்திருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காமல், அந்தச் சொல் வரும் பத்தியை மட்டும் மறுபடி உரக்கப் படிக்க வைத்தால் சரியாகிவிடும்.