அயல் அறியும் விசுவாசம்: திருகோணமலைக் கிறிஸ்தவ வீடுகளுக்கு 9 குறிப்புகள்

கோவில் மணி, பாங்கு, பிரித் ஓதல், மாதாகோவில் மணி என நாலும் காதில் விழும் ஊர் திருகோணமலை. இங்கே கிறிஸ்தவர் தொகை குறைவு. அதனால் ஒரு வீட்டார் செய்வது நல்லதோ கெட்டதோ, எல்லாக் கிறிஸ்தவர் பேரிலும் எழுதப்படும். வாசலில் சிலுவை மாட்டுவது சுலபம். அந்த வாசலுக்கு ஏற்றபடி வாழச் சில கைப்பழக்கங்கள் இதோ.

1. பலகாரத் தட்டு
நத்தார் கேக்கில் பிரண்டி ஊற்றுவது பல வீட்டு வழக்கம். அந்தக் கேக்கை முஸ்லிம் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அயலுக்கென்று முட்டை சேராத பயத்தம் பணியாரமும் முறுக்கும் தனியாகச் சுடுங்கள். புது எண்ணெய் வேண்டும். மீனோ இறைச்சியோ பொரித்த எண்ணெய் ஆகாது. பன்றி இறைச்சி சமைத்த தாச்சியும் வேண்டாம். அப்போது விரதக்காரர் வீட்டுக்கும் அதே தட்டு போகலாம். கொடுக்கும்போது, “ராத்தா, இதுக்குள்ள குடிவகை ஒண்டும் இல்லை, புது எண்ணெயிலதான் சுட்டது” என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் தட்டுப் போக்குவரத்து நின்றுபோன வீடாக இருந்தால், முதல் தட்டு நம் வீட்டிலிருந்து போகட்டும்.

2. பிடியரிசி
உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை வேறு டின்னில் போடுங்கள். ஒரு பிடி சுமார் 50 கிராம். நாளுக்கு இரண்டு தரம் போட்டால் மாதம் 3 கிலோ சேரும். வண்டு விழாமலிருக்க நாலைந்து காய்ந்த மிளகாயைப் போட்டு வைக்கலாம். இந்தியாவின் மிசோரத்தில் சபைப் பெண்கள் 1910 இல் தொடங்கிய இதே பழக்கம் இன்றும் அங்கே ஊழியங்களைத் தாங்கி நிற்கிறது. நம் பக்கத்தில் டின்னைத் திறக்க ஏற்ற காலம் மாரி. வாடைக்காற்றில் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் நாட்களில்தான் நத்தாரும் வருகிறது; கடற்தொழிலாளர் வீடுகளில் கை கடிக்கும் காலமும் அதுவே.

3. வாடிக்கு வந்தவர்கள்
தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது, நீர்கொழும்பு, சிலாபம் பக்க மீனவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அடிப்பார்கள். அவர்களில் பலர் சிங்களம் பேசும் கத்தோலிக்கர். பூசை நேரத்தைச் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். வாங்கில் நகர்ந்து இடம் கொடுங்கள். யார் எங்கே வலை போடுவது என்ற தகராறு உண்மையானதுதான். அதைக் கடற்தொழிலாளர் சங்கத்தில் பேசலாம், மாதாகோவில் முற்றத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.

4. தராசும் கொப்பியும்
மீன் விற்பவர் ஐஸ் தண்ணீரை வடியவிட்டு நிறுக்கட்டும். நேற்றைய மீன் என்றால் சொல்லியே விற்கட்டும். வாங்குபவர் கடைக் கொப்பியில் ஏறிய கடனைச் சொன்ன திகதியில் அடைக்கட்டும். மேசன், தேங்காய் பறிப்பவர், வீட்டு வேலைக்கு வருபவர் யாரானாலும் கூலியை அன்று பொழுதுபடுமுன் கையில் கொடுங்கள். ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டி, “மாத்தின காசில்லை, நாளைக்கு வாங்கோ” என்று அனுப்பாதீர்கள். முதல்நாளே சில்லறை மாற்றி வையுங்கள்.

5. சத்தமும் கேற்றும்
கரோல் குழு வேறு மதத்தவர் வீட்டுக்குக் கேட்டுவிட்டே போகட்டும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ கைக்குழந்தையோ இருக்கும் ஒழுங்கையில் ஒலிபெருக்கியும் வெடியும் வேண்டாம். பூசைக்கு வருபவர்களின் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் பிறர் கேற்றை மறிக்காதபடி பார்க்க இரண்டு இளைஞரை நிறுத்துங்கள்.

6. நோயாளியைப் பார்க்கப் போனால்
1697 இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைக் கவனித்தவர் கோவாவிலிருந்து வந்த குரு யோசப் வாஸ். 2015 இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் வழியில் போக எண்ணுபவர் கஞ்சிப் போத்தலோடு போங்கள். உடுப்புத் தோய்க்க இருக்கிறதா, இரவில் துணைக்கு ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். ஜெபிக்கட்டுமா என்று அனுமதி கேட்ட பிறகே ஜெபியுங்கள். கட்டிலில் கிடப்பவரின் தலையணைக்கடியில் துண்டுப் பிரசுரம் வைக்காதீர்கள்.

7. செத்தவீடு
முஸ்லிம் வீடுகளில் அடக்கம் விரைவில் நடக்கும். செய்தி கேட்டதும் புறப்படுங்கள். இந்து வீட்டில் அடுப்பு மூட்டாத நேரத்துக்குச் சைவச் சாப்பாடு கொண்டுபோங்கள். கதிரை, தண்ணீர், தேத்தண்ணீர் ஆகிய மூன்றையும் யாரும் கேட்காமலே ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்களுடைய சடங்கைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் வேண்டாம்.

8. பின்னேரம் ஒரு மணித்தியாலம்
அமெரிக்காவிலிருந்து வந்த யேசு சபை குரு யூஜின் ஹீபர்ட், கிழக்கின் பாடசாலைப் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்டில் மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமல் போனார். உங்களுக்குக் கணக்கோ ஆங்கிலமோ விளையாட்டோ தெரிந்தால், கிழமையில் ஒரு பின்னேரம் அயல் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். காசு வாங்காதீர்கள், மதமாற்றப் பேச்சும் எடுக்காதீர்கள். பெற்றோர் பார்க்கும்படி திறந்த விறாந்தையில் நடத்துங்கள்.

9. போனை உள்ளே வையுங்கள்
விளக்கை மறைக்காதே என்றும், தர்மத்தைத் தம்பட்டம் அடிக்காதே என்றும் மலைப்பொழிவு இரண்டையும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிக்க ஒரு வழி உண்டு: தராசு, கூலி, பேச்சு, கேற்று எல்லாம் ஊர் பார்க்கட்டும், யாருக்கு என்ன கொடுத்தோம் என்பதை ஊர் பார்க்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் வரிசையில் நின்று நிவாரணம் வாங்கியவர்கள் இந்தக் கரையெங்கும் உண்டு. பொதி வாங்கும்போது கமெரா பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அரிசிப் பையைப் பொழுதுபட்டபின் கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்கியவர் பெயரை முகநூலில் போடாதீர்கள், ஜெபக்கூட்டத்திலும் சொல்லாதீர்கள்.