நிழலும் மெய்யும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அம்முகத்தின் அழகு படத்தில் தெரியுமோ என்பது இக்காலத்தார் தமக்குத் தாமே கேட்கவேண்டிய வினாவாகும். முன்னாளில் ஒருவர் தம் வாழ்நாளில் மூன்று நான்கு முறையே படப்பிடிப்பு நிலையத்தின் படியேறினர். உத்தியோகத்துக்கு ஒன்று, திருமணத்துக்கு ஒன்று, அடையாள அட்டைக்கு ஒன்று என அவை எண்ணிச் சொல்லத்தக்கனவாயிருந்தன. இன்றோ கைத்தொலைபேசியுடைய ஒவ்வொருவரும் படம் பிடிப்போராயும், படத்துக்கு இருப்போராயும், அதனை ஊரறிய வெளியிடுவோராயும் ஒருங்கே விளங்குகின்றனர். முகநூல் 2004ஆம் ஆண்டிலும், வட்ஸ்அப் 2009ஆம் ஆண்டிலும், இன்ஸ்டகிராம் 2010ஆம் ஆண்டிலும் தோன்றின. அதன்பின் நம்மை நேரிற் காணாதார் பலர் முதற்கண் காண்பது நமது படத்தையே. தொழில் கொடுப்போரும், சம்பந்தம் பேச வருவோரும், பல்லாண்டு காணாத பள்ளித் தோழரும் அச்சிறு வட்டத்துள் நம் முகத்தைப் பார்த்தே நம்மைப்பற்றி ஒரு கருத்தைக் கொள்கின்றனர். ஆகவே உருவப்படத்தை எவ்வாறு எடுத்தல் வேண்டும், எவ்வாறு பிறர்க்கு அளித்தல் வேண்டும் என்பன கற்றற்குரிய பொருள்களாயின. அவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

படத்தைப் பரப்பிப் பெயர் நாட்டும் வழக்கம் கைத்தொலைபேசியோடு பிறந்ததன்று. 1839ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் டகேர் என்பார் தமது படமுறையை உலகறியச் செய்தார். அம்முறையில் ஒரு தகட்டில் ஒரு படமே அமையும், அதற்குப் பிரதியில்லை. 1854ஆம் ஆண்டில் டிஸ்டேரி என்னும் பிரெஞ்சுக்காரர் ஒரே தகட்டிற் பல படங்களை எடுத்து, வெட்டி, முகவரிச் சீட்டின் அளவுள்ள அட்டைகளில் ஒட்டும் முறைக்கு உரிமை பெற்றார். ஏறக்குறைய 6 சதமமீற்றர் அகலமும் 10 சதமமீற்றர் உயரமுங் கொண்ட அவ்வட்டைகள் மலிவானவை, தபாலில் அனுப்பத்தக்கவை. 1860ஆம் ஆண்டில் விக்ரோறியா மகாராணி குடும்பத்தாரின் படங்கள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தபின், அட்டைப்படம் வாங்காத வீடும், அவற்றைச் சேர்த்துவைக்கும் படத்தொகுதி இல்லாத வரவேற்பறையும் அருகின. முகத்தை வெளியிட்டு மதிப்புத் தேடும் இன்றைய வழக்கத்துக்கு அன்றே வித்திடப்பட்டது எனலாம்.

அவ்வட்டைப்படத்தை மிக்க விவேகத்துடன் பயன்படுத்தியவர் ஓர் அரசியோ பிரபுவோ அல்லர். அடிமையாய்ப் பிறந்த ஒரு மாது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், ஏறக்குறைய 1797ஆம் ஆண்டளவிற் பிறந்த அவர், 1826இல் தம் எசமானரின் வீட்டைவிட்டு வெளியேறினார். 1843இல் சொஜேர்னர் ட்றூத் என்னும் பெயரைத் தாமே பூண்டு, அடிமைத்தனத்தை எதிர்த்து ஊரூராகப் பேசினார். எழுத வாசிக்க அறியாத அவர், தம் படத்தை அட்டைகளில் அச்சிடுவித்துக் கூட்டங்களில் விற்று, அவ்வருவாயால் தம் வாழ்க்கையை நடத்தினார். மெய்யாகிய உடலைத் தாங்குதற்பொருட்டு நிழலாகிய படத்தை விற்கின்றேன் என்னும் கருத்துள்ள வாசகம் அவ்வட்டைகளிற் பொறிக்கப்பட்டிருந்தது. அக்காலத்திற் படத்தின் உரிமை பெரும்பாலும் எடுத்தவருக்கே சென்றது. அவரோ 1864இல் தம் படத்தின் உரிமையைத் தம் பெயரிலேயே பதிவுசெய்தார். ஒருகாலத்திற் பிறரால் விற்கப்பட்ட உடலையுடையார், தம் உருவத்தை விற்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டமை சிந்திக்கற்பாலது.

அப்படங்களில் அவர் எவ்வாறு தோற்றுகின்றார்? வெள்ளைத் தலையணி, தோளிற் போர்வை, மூக்குக் கண்ணாடி, மடியிற் பின்னற் கம்பளி, அருகே மேசையிற் பூவும் புத்தகமும். காண்போரின் இரக்கத்தை வேண்டும் கோலம் அங்கு இல்லை. உழைத்து வாழும் கண்ணியமான ஒரு மூதாட்டியே அங்கு இருக்கின்றார். தம்மைப்பற்றி உலகம் எதனை அறிதல் வேண்டும் என்பதைத் தாமே தெளிந்து, அதற்கேற்ப அமர்ந்தார் என்க.

அவர் காலத்தவரான பிரெடெரிக் டக்ளஸ் என்பாரும் 1838இல் அடிமைத்தளையினின்றும் தப்பியவர். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கரில் மிகுதியாகப் படம் பிடிக்கப்பட்டவர் அவரே என்பது அறிஞர் முடிபு. ஏறக்குறைய 160 வெவ்வேறு படங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலனவற்றில் அவர் சிரித்திலர். கறுப்பு மக்களைக் கோமாளிகளாகவும், அடிமை வாழ்விலே மகிழ்வோராகவும் வரைந்த கேலிச்சித்திரங்கள் மலிந்த நாளில், நேரிய பார்வையும் திருத்தமான உடையுமே அவர் அளித்த மறுமொழியாயின. 1861இற் படங்களைப் பற்றியே ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே நோக்கத்துடன் தம் முகத்தை உலகின்முன் வைத்தமையே அவர் படங்களின் வலிமை.

இவ்விருவர்க்கும் மாறான ஒரு நிலையை நமது நாட்டிலேயே காணலாம். ஜூலியா மார்கிரட் கமரன் என்னும் அம்மையார் 48ஆம் வயதிற் கமராவைக் கையிலெடுத்து, உலகப் புகழ் பெற்ற உருவப்படங்களை ஆக்கியவர். கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவைப் பாடசாலையிற் படித்த நாம், அக்கமரனின் மனைவியே இவ்வம்மையார் என்பதை அறிதல் நன்று. 1875இற் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் டெனிசன் என்றும், ஹேர்ஷல் என்றும், டார்வின் என்றும் பெயர்கள் நிலைத்தன. இலங்கையில் அவர் எடுத்த நம் நாட்டவர் படங்களிலோ, இருந்தவர் பெரும்பாலோரின் பெயர் பதிவாகவில்லை. முகம் நூற்றாண்டு கடந்தும் நிற்கின்றது. அஃது எவர் முகம் என்பதை அறிவார் இலர். அம்மையாரின் கலைத்திறனைப் போற்றும் நாம், இக்குறையையும் மறத்தலாகாது. படம் ஒருவருடையது, அதன் பொருள் மற்றொருவருடையது என்னும் நிலை நேராதவாறு காத்தலே உருவப்படம் பற்றிய முதற் பாடம்.

எடுக்கும் முறை

இனிச் செய்முறைக்கு வருவாம். முதலாவது ஒளி. யாழ்ப்பாணம் ஏறக்குறைய வட அகலாங்கு 10 பாகையை அடுத்துள்ளது. இங்கு நண்பகற் சூரியன் சித்திரையிலும் ஆவணியிலும் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அவ்வொளியிற் கண்குழிகள் இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழும். எந்த அழகரும் அப்பொழுது களைத்தவராகவே தோன்றுவர். காலை எட்டு மணிக்கு முன்னும், மாலை ஐந்து மணிக்குப் பின்னும் ஒளி சாய்ந்தும் மென்மையாயும் இருக்கும். நண்பகலில் எடுக்கவேண்டின் விறாந்தையின் விளிம்பில், உள்ளே நிழலிலும் முகம் முற்றத்தை நோக்கியும் இருத்துக. சாளரத்தின் அருகிற் பக்கவாட்டாக இருத்தினும் நன்று. விலைமிக்க விளக்கு எதுவும் வேண்டியதில்லை.

இரண்டாவது தூரம். கைத்தொலைபேசியைக் கைநீட்டுந் தொலைவிற் பிடித்தால், கமராவுக்கு அண்மையிலுள்ள மூக்குப் பெருத்தும், சேய்மையிலுள்ள காது சிறுத்தும் தோன்றும். 1 அடித் தொலைவில் எடுக்கப்பட்ட படத்தில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 வீதம் மிகுத்துக் காட்டப்படும் என 2018இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வெளிவந்த ஆய்வு கணித்தது. 5 அடித் தொலைவில் அவ்வேறுபாடு இல்லையெனலாம். இதனை அறியாத இளைஞர் சிலர் தம் மூக்கே பிழையெனக் கருதி வருந்துகின்றனர். பிழை மூக்கினதன்று, தூரத்தினது. நண்பர் ஒருவரை ஐந்தாறடி பின்னே நிறுத்தி எடுப்பித்தலே இதற்கு மருந்து. கமரா கண்மட்டத்தில் நிற்பதும், பார்வை தெளிவாக விழும்படி அண்மைக் கண்ணிற் குவிப்பதும் உடன் கடைப்பிடிக்கத்தக்கன.

மூன்றாவது நிறம். கமரா தன்முன்னுள்ள ஒளியின் சராசரியை அளந்தே படத்தின் ஒளியைத் தீர்மானிக்கின்றது. வெள்ளைச் சட்டையும் வேட்டியும், வெள்ளைச் சுவரும் படத்தை நிரப்பினால், அது வெண்மையை அடக்கும்பொருட்டு முழுப்படத்தையும் இருட்டாக்கும். நடுவிலுள்ள கரிய முகம் கரிக்கட்டையாய் மறையும். முகத்தின்மேல் விரலால் தொட்டு, அதற்கேற்ப ஒளியை உயர்த்திக்கொள்ளல் வேண்டும். நெடுங்காலமாகக் கொடக் நிறுவனம் நிறச்சோதனைக்காக அச்சுநிலையங்களுக்கு அனுப்பிய மாதிரிப் படங்களில் வெள்ளைத்தோல் மகளிரே இருந்தனர். அதனாற் கருந்தோலின் இயல்பான நிறம் வண்ணப்படங்களிற் சரிவர வாராதிருந்ததும் உண்டு. ஆயின் இன்று நம்மவர் தாமே செயலிகளைக் கொண்டு தம் நிறத்தை வெளுப்பாக்குவதற்கு யாரைக் குறைகூறுவது? தாய் தந்த நிறத்தை அழித்த படம் எவ்வளவு பாராட்டுப் பெறினும், அப்பாராட்டு நமக்கு உரியதன்று. நாமல்லாத ஒருவர்க்கே உரியது. அதனை நாளும் பார்க்கும் இளம்பெண்ணுக்குக் கண்ணாடியிலுள்ள தன் முகமே அந்நியமாகின்றது. இக்கேட்டைப் பெற்றோரும் ஆசிரியரும் சிறிதெனக் கொள்ளலாகாது.

நான்காவது மனநிலை. இருப்பவர் இயல்பாயிருந்தாலன்றிப் படம் உயிர்பெறாது. அவர் தொழிலைப் பற்றியோ, பேரப்பிள்ளைகளைப் பற்றியோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்தல் வேண்டும். தச்சர் பட்டறையிலும், ஆசிரியர் கரும்பலகையின் அருகிலும், வாத்தியக்காரர் தம் வாத்தியத்தோடும் இருப்பாராயின், ட்றூத் அம்மையாரின் பின்னற் கம்பளிபோல் அவையும் அவரைப்பற்றிப் பேசும்.

அளிக்கும் முறை

படம் நன்கமைந்தபின் அதனைப் பகிரும் முறை வேறொரு கலை. பத்துப் படங்களில் ஒன்றைத் தேர்ந்து, ஒன்பதை விடுக. ஒரே நாளில் முப்பது படங்களை இடுவார் தம் நண்பரின் பொறுமையையே சோதிக்கின்றனர். முகப்புப் படம் கைத்தொலைபேசியில் மிகச் சிறிய வட்டமாகவே தோன்றுமாதலின், மூலைகள் வெட்டுண்ணும். முகம் நடுவிலும், வட்டத்தை நிறைத்தும், வெறுமையான பின்னணியிலும் அமைதல் வேண்டும். எல்லா வலைத்தளங்களிலும் ஒரே படத்தை வைப்போரை மக்கள் எளிதில் அடையாளங் காண்பர். இருபது ஆண்டுக்கு முந்திய படத்தை முகப்பில் வைத்து, நேரில் வருங்கால் நரையுடன் வருதல் நகைப்புக்கிடமாம்.

படத்தின்கீழ்ப் பெயரையும், ஆண்டையும், இடத்தையும் எழுதுக. பிறர் படத்தை வெளியிடுமுன் அவர் இசைவைக் கேட்க. சிறுவராயின் பெற்றோரைக் கேட்பதோடு அச்சிறுவரையும் கேட்க. பிள்ளைகளின் பாடசாலைச் சின்னமும், வீட்டிலக்கமும், நாளாந்தம் போய்வரும் வழியும் படத்தில் தோன்றாதவாறு பார்த்துக்கொள்ளல் கடமை. கமரா எடுத்த இடத்தின் குறிப்பும் படக்கோப்பினுள் மறைந்திருத்தல் கூடும். அதனை நிறுத்தும் வழி தொலைபேசியின் அமைப்பிலேயே உண்டு. ஒருமுறை வெளியிட்ட படத்தை மீளப் பெறுதல் அரிது. சில படங்களைக் கொண்டே ஒருவர் செய்யாததைச் செய்ததாகக் காட்டும் பொய்ப் படங்களைக் கணினி ஆக்கும் காலம் இது. பெண்பிள்ளைகளே இதனால் மிகுந்த துன்பம் அடைகின்றனர். அத்தகைய படம் நம் கைக்கு எட்டினால், அதனை மற்றொருவர்க்கு அனுப்பாது நிறுத்துதலே ஆண்மையும் கல்வியும் ஆகும்.

இவற்றையெல்லாம் கூறுமிடத்து, படம் இல்லாமையின் துயரையும் நாம் அறிவோம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, படத்தொகுதியை எடுக்க நேரமின்றி வெளியேறியோர் பலர். அடையாள அட்டையிலிருந்த சிறு படத்தைப் பெருப்பித்தே பெற்றோரின் நினைவைச் சுவரில் மாட்டியுள்ள இல்லங்கள் இன்றும் நம்மிடை உள. அவ்வீட்டாரிடம் படத்தின் அழகைப் பற்றி யாரும் பேசார். அது தந்தையின் மெய்யான முகம் என்பதொன்றே அவர்களுக்குப் போதும். நாம் இன்று எளிதாக எடுத்து எளிதாக எறியும் படமும் ஒருநாள் எவரோ ஒருவர்க்கு அத்தகைய செல்வமாதல் கூடும்.

ஆதலின் பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள வகுப்புப் படங்களையும் விளையாட்டுக் குழுப் படங்களையும் எடுத்து, நிற்போர், இருப்போர் பெயர்களை முதியோர் உள்ளபொழுதே கேட்டெழுதி, பிரதி செய்து, கல்லூரிக்கு ஒன்று அளிப்பாராயின், அதுவே இவ்விழாவுக்கு ஏற்ற நன்கொடையாகும். தம் பிள்ளைகளுக்கும் ஒரு நல்ல படத்தை நல்ல ஒளியில், மெய்யான நிறத்தில், பெயரோடு எடுத்துவைப்பாராக. அன்று ட்றூத் அம்மையார் மெய்யைக் காத்தற்கு நிழலை விற்றார். நிழலைப் பேணுதற்பொருட்டு மெய்யை விற்போராக நாம் ஆகாதிருப்போமாக.