லேப்டாப்போடு ஊர் சுற்றலாம், சாப்பாட்டுக்கு என்ன வழி?

என் சித்தி மகன் போன மாதம் புதிய லேப்டாப் ஒன்று வாங்கினான். அதில் தமிழில் டைப் செய்வது எப்படி என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். மூன்றாவது நாளே அடுத்த கேள்வி வந்தது. "அண்ணா, வேலையை விட்டுட்டு இதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போகலாம்னு இருக்கேன். எழுதுறது, ஆன்லைன்ல பாடம் எடுக்கறது, இந்த ரெண்டையும் வச்சுப் பிழைக்க முடியுமா? ராஜினாமா லெட்டர்கூட டைப் பண்ணியாச்சு."

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கு இந்த ஆசை இருக்கிறது. முடியுமா என்றால், முடியும். நானே வேலையிலிருந்து நான்கு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு முயன்று பார்த்தவன். ஆனால் அதற்குக் கம்ப்யூட்டரில் செய்துவைக்க வேண்டிய சில ஏற்பாடுகள் உள்ளன. அவற்றை இங்கே பார்ப்போம். அதற்கு முன் ஒருவரை அறிமுகம் செய்கிறேன்.

சைக்கிளில் ஒரு ஆபீஸ்

ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர் 1983-ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் பகுதியில் இருந்த தன் வீட்டை விற்றார். சாய்ந்து உட்கார்ந்தபடி மிதிக்கும் சைக்கிள் ஒன்றைத் தயார் செய்துகொண்டு கிளம்பிவிட்டார். அவர் கையில் இருந்தது ரேடியோ ஷாக் நிறுவனத்தின் டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற சிறிய கம்ப்யூட்டர். அதன் திரையில் 8 வரிகள், வரிக்கு 40 எழுத்துகள், அவ்வளவுதான். மெமரி அதிகபட்சம் 32 கிலோபைட். சாதாரண டார்ச் லைட்டில் போடுவது போன்ற சிறிய பேட்டரி நான்கு போட்டால் வேலை செய்யும். அதற்குள்ளேயே 300 பாட் வேக மோடம் ஒன்றும் இருந்தது.

300 பாட் என்றால் விநாடிக்குச் சுமார் 30 எழுத்துகள். 6,000 எழுத்துகள் கொண்ட ஒரு ஆங்கிலக் கட்டுரையை அனுப்பப் பொதுத் தொலைபேசி அருகே 3 நிமிடங்களுக்கு மேல் நிற்க வேண்டும். ராபர்ட்ஸ் அப்படித்தான் கம்ப்யூசர்வ் என்ற சேவை வழியாகத் தன் கட்டுரைகளை அனுப்பினார். முதல் பயணத்தில் மட்டும் சுமார் 10,000 மைல் (16,000 கிலோமீட்டர்) சென்றார். 1986-ல் சைக்கிளை மாற்றியமைத்து, கைப்பிடியிலேயே பட்டன்களைப் பொருத்தி, மிதித்துக்கொண்டே டைப் செய்யும் வசதியையும் செய்துகொண்டார். இப்படி வாழ்பவர்களைக் குறிக்க 'டெக்னோமேட்' என்ற சொல்லை உருவாக்கியவரும் இவர்தான்.

என் தம்பியிடம் நான் முக்கியமாகச் சொன்ன விஷயம் வேறு. ராபர்ட்ஸ் சைக்கிள் வாங்கிய பிறகு எழுத்தாளர் ஆகவில்லை. கிளம்பும் முன்பே அவர் கட்டுரைகளும் கம்ப்யூட்டர் நூல்களும் எழுதிச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். கிளம்பிய பிறகும் அவருடைய தபால்களையும் கணக்கு வழக்கையும் பார்த்துக்கொள்ள ஊரில் ஒருவர் இருந்தார். ஆள்தான் ஊர் சுற்றினார், ஆபீஸ் நின்ற இடத்திலேயே இருந்தது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அவருடைய மூன்றாவது சைக்கிளுக்கு பெஹிமோத் என்று பெயர். 105 கியர்களும் பல கம்ப்யூட்டர்களும் கொண்ட அதன் எடை சுமார் 260 கிலோ! அதில் அவர் சென்ற தூரம் முந்தைய பயணங்களைவிடக் குறைவு. பயணத்துக்கென்று கடை கடையாக ஏறி கருவிகளை வாங்கிக் குவிக்க நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

உங்கள் மாதச் செலவு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரப் பாடத்துக்கு 500 ரூபாய் கிடைக்கிறது என்றால் மாதம் 60 மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும். தினம் 2 மணி நேரம்தானே என்று தோன்றும். பஸ்ஸிலும் ரயிலிலும் 8 நாட்கள் போனால் மீதி 22 நாட்களில் தினம் ஏறக்குறைய 3 மணி நேரம். பாடத்துக்குத் தயார் செய்யவும் அதே அளவு நேரம் ஆகும். எனவே அடிக்கடி ஊர் மாறினால் வருமானம் குறையும், செலவு ஏறும். ஒரே ஊரில் ஒரு மாதம் தங்குவதுதான் கட்டுப்படியாகும். இதை எக்ஸெலில் ஒரு சிறிய ஒர்க்‌ஷீட்டாகப் போட்டு, எண்களை மாற்றிப் பாருங்கள். எழுத்துக்கு வரும் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பெரும்பாலும் கட்டுரை வெளிவந்த பிறகே வரும். எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை.

நான் கோட்டைவிட்ட ஒரு மணி நேரம்

நியூயார்க்கில் இருந்த ஒரு மாணவருக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் திங்கள் இரவு 8 மணி என்றால் நமக்குச் செவ்வாய் காலை 6:30. மூன்று மாதம் ஒழுங்காக நடந்தது. மார்ச் மாதம் ஹம்பியில் தங்கியிருந்தபோது வழக்கம்போல 6:30-க்கு லேப்டாப்பைத் திறந்தேன். அவர் 40 நிமிடம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார் என்று மெசேஜ் கிடந்தது. மறுநாள் அவருக்கு நேர்முகத் தேர்வு!

நடந்தது இதுதான். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு அன்று பழையபடி மாற்றுவார்கள். ஆகவே மார்ச்சுக்குப் பிறகு அவருடைய இரவு 8 மணி நமக்குக் காலை 5:30. நம் ஊரில் இப்படி ஒரு வழக்கம் இல்லாததால் எனக்கு உறைக்கவில்லை. அவர் அந்தத் தேர்வில் தேறவில்லை. என் பாடம் இருந்திருந்தால் தேறியிருப்பாரா, தெரியாது. ஆனால் அவர் திரும்ப வரவில்லை.

இதைத் தவிர்க்க, கூகுள் காலண்டரில் பாடத்தைப் பதிவு செய்யும்போது விவரங்களுக்கான பக்கத்தைத் திறந்து, நேரத்துக்கு அருகில் உள்ள 'டைம் ஸோன்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். அதில் இந்திய நேரத்துக்குப் பதில் மாணவர் இருக்கும் இடத்தின் நேரத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அங்கே கடிகாரம் மாறினால் உங்கள் காலண்டரில் தானாகவே நேரம் மாறித் தெரியும். செட்டிங்ஸ் பகுதியில் இரண்டாவது டைம் ஸோனைக் காட்டும் வசதியும் உள்ளது. அதையும் டிக் செய்துகொண்டால் இரண்டு நேரங்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

நெட் இல்லாத ஊரில்

கூகுள் டாக்ஸில் எழுதுபவர்கள் கிளம்பும் முன், நெட் இருக்கும்போதே, குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரில் கூகுள் டிரைவ் செட்டிங்ஸைத் திறந்து 'ஆஃப்லைன்' என்பதை டிக் செய்துவிட வேண்டும். பிறகு சிக்னல் இல்லாத ரயிலிலும் எழுதலாம். நெட் கிடைத்ததும் அதுவே சேமித்துக்கொள்ளும். உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இதைச் செய்யுங்கள். பிரவுசிங் சென்டரில் வேண்டவே வேண்டாம்.

போன் தொலைந்தால் என்ன ஆகும்? இரண்டு அடுக்குப் பாதுகாப்பு வைத்திருந்தால், ஓடிபி வர வழியில்லாமல் உங்கள் இமெயிலுக்குள் நீங்களே நுழைய முடியாமல் போகலாம். கூகுள் அக்கவுன்டின் செக்யூரிட்டி பகுதியில் 'பேக்கப் கோட்ஸ்' என்று உள்ளது. அதில் 8 இலக்க எண்கள் 10 கிடைக்கும். ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். ஒரு பிரிண்ட் எடுத்து ஒன்றை அம்மாவிடம் கொடுங்கள், இன்னொன்றைப் பெட்டியின் அடியில் வையுங்கள். லேப்டாப் பையிலேயே வைத்தால் பையோடு அதுவும் போய்விடும். ராபர்ட்ஸுக்கு ஊரில் ஒருவர் இருந்தது போல நமக்கும் ஒருவர் வேண்டும்.

வெளிநாடு போக நினைப்பவர்கள் டூரிஸ்ட் விசாவில் வேலை செய்யலாமா என்று அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் முதலில் படியுங்கள். 2020-ல் பார்படாஸ் நாடு ஊர் சுற்றி வேலை செய்பவர்களுக்கென்றே 12 மாத அனுமதி ஒன்றைத் தொடங்கியது. அதற்குக் கேட்ட ஆண்டு வருமானம் 50,000 டாலர்! வரி விஷயத்தில், ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே வசிப்பவர்தான். வேறு நிபந்தனைகளும் உண்டு. ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

தம்பியின் ராஜினாமா லெட்டர் இப்போதைக்கு 'டிராஃப்ட்ஸ்' போல்டரில் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் கும்பகோணம், தஞ்சாவூர் என்று பக்கத்து ஊர்களில் ரூம் எடுத்து, இரண்டு மாணவர்களுக்கு அக்கவுன்ட்ஸ் பாடம் எடுக்கிறான். போன வாரம் கரண்ட் போய், வைஃபையும் போய், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பாதிப் பாடத்தை முடித்தானாம். ஒர்க்‌ஷீட்டில் 'மொபைல் டேட்டா' என்று ஒரு புதிய வரி சேர்த்திருக்கிறான்.