தடுக்கப்பட்டவை எல்லாம் தவறானவையா?

கைப்பேசியில் ஒரு தளத்தைத் தேடும்போது ‘தடுக்கப்பட்டுள்ளது’ என்ற அறிவிப்பு வந்தால், அது தீய தளம் என்றே மாணவர்கள் முடிவு செய்கிறார்கள். ஒலக்கூர் ஒன்றியத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கும் எனக்கு இது கவலை தந்தது. மாதவிடாய் பற்றியோ பருவ வயது மாற்றங்கள் பற்றியோ தேடும் ஒரு மாணவி அந்த அறிவிப்பைக் கண்டால், தான் கேட்டதே தவறு என்று எண்ணுவாள். பிறகு யாரிடமும் கேட்கமாட்டாள். எனவே, தடுப்பு எப்படி நடக்கிறது என்பதையே ஒரு பாடவேளைச் செயல்பாடாக அமைத்தேன்.

நடந்தவை சில

2006 ஜூலையில், 20க்கும் குறைவான இணைய முகவரிகளைத் தடுக்குமாறு நடுவண் அரசு ஆணையிட்டது. இணைய நிறுவனங்கள் பல, குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுக்காமல் பிளாக்ஸ்பாட் தளத்தையே மூடின. அதில் எழுதிவந்த எண்ணற்றோரின் பக்கங்கள் நாட்டில் திறக்கவில்லை.

2012இல் ‘3’ திரைப்படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. அதைத் தொடர்ந்து விமியோ போன்ற காணொலித் தளங்கள் முழுமையாக முடக்கப்பட்டன. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று அவ்வாண்டு ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2017 ஆகஸ்டில் இரண்டு இந்தித் திரைப்படங்களுக்காகத் தடுக்கப்பட்ட சுமார் 2,650 முகவரிகளில் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ தளமும் ஒன்று. பழைய தமிழ் நூல்களின் மின்படிகள் ஏராளமாக உள்ள நூலகம் அது.

வகுப்பறைச் செயல்பாடு: ‘நாங்களே வடிகட்டி’

தேவை: துண்டுச் சீட்டுகள், உறைகள். கைப்பேசியோ இணையமோ வேண்டாம்.

படி 1. ஐவர் கொண்ட குழுக்களாக வகுப்பைப் பிரிக்கவும். ‘மது’ என்ற எழுத்துகள் உள்ள சீட்டுகளை எல்லாம் தடுக்க வேண்டும் என்பது விதி. சீட்டுகளில் இவை இருக்கட்டும்: மதுரை, மதுராந்தகம், மதுமிதா, மதுவிலக்கு, மது உடலுக்குக் கேடு, சாராயம் இங்கே கிடைக்கும்.

விளைவை மாணவர்களே கண்டார்கள். பக்கத்து ஊரான மதுராந்தகம் தடுக்கப்பட்டது. மதுவிலக்குப் பிரசாரமும் தடுக்கப்பட்டது. சாராய விளம்பரமோ தடையின்றிச் சென்றது. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகர மக்கள், ஊர்ப் பெயருக்குள் ஒரு வசைச்சொல் ஒளிந்திருந்ததால் ஏ.ஓ.எல். நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்ததும் இதே காரணத்தால்தான்.

படி 2. விதியைத் திருத்தச் சொல்லவும். “தனிச் சொல்லாக வந்தால் மட்டும் தடுப்போம்” என்றது ஒரு குழு. உடனே ‘மதுவை வாங்க வாருங்கள்’ என்ற சீட்டைக் கொடுத்தேன். வேற்றுமை உருபு சேர்ந்ததும் சொல் மாறிவிட, அது தப்பித்தது. ‘மது உடலுக்குக் கேடு’ என்பதோ மீண்டும் சிக்கியது. பொருளைப் படிக்காமல் எழுத்தை மட்டும் பார்த்தால் சரியாகப் பிரிக்க முடியாது என்பதை இலக்கணத்தின் வழியே அவர்கள் உணர்ந்தார்கள். தமிழாசிரியரும் இதைத் தம் வகுப்பில் பயன்படுத்தலாம்.

படி 3. ஓர் உறையில் பத்துச் சீட்டுகள் இட்டு ஒட்டவும். அவற்றுள் ஒன்று மட்டும் தீயது. உறையின் மேல் தளத்தின் பெயர் மட்டும் இருக்கும். இப்போது தடுக்கச் சொல்லவும். ஒன்று, பத்தையும் தடுக்க வேண்டும். அல்லது பத்தையும் விட வேண்டும். இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை. எந்தத் தளம் என்பது பொதுவாக இணைய நிறுவனத்துக்குத் தெரியும். எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஒரு கடைக்காக வணிக வளாகத்தின் முன்வாசலையே பூட்டுவது போன்றது இது.

தொடக்க வகுப்புகளில் படி 1 மட்டும் போதும். ‘குடி’ என்ற சொல்லை வைத்து விளையாடினால் குடிநீர், குடிசை, குடியரசு என எளிய சொற்கள் கிடைக்கும்.

ஆசிரியர் கவனத்திற்கு

வடிகட்டியே வேண்டாம் என்பது இப்பாடத்தின் கருத்தன்று. குழந்தைகளுக்குப் பாதுகாப்பு தேவை. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகத் தளங்களைத் தடுக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 69ஏ இடமளிக்கிறது. தடுப்பு வேறு, தீர்ப்பு வேறு என்பதை மாணவர் அறிந்தால் போதும்.

ஒரு தளம் திறக்காதபோது மூன்றைச் சரிபார்க்கப் பழக்குங்கள். முகவரி சரியாக உள்ளதா? சிக்னல் இருக்கிறதா? வேறு நிறுவன இணைப்பில் திறக்கிறதா? ஒரு நிறுவனம் தடுப்பதை மற்றொன்று தடுக்காமல் இருப்பதும் உண்டு. பெற்றோர் கைப்பேசியில் அமைத்த கட்டுப்பாடும் காரணமாக இருக்கலாம்.

தடையை மீற, பெயர் தெரியாத செயலிகளை நிறுவ வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கைப்பேசியின் தகவல்கள் களவு போகும். முகவரி, நாள், நேரம், இணைப்பு நிறுவனம், திரையில் வந்த செய்தி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் முறையிடலாம். பள்ளி ஆய்வக இணைப்பு என்றால் தலைமையாசிரியர் வழியாகத் தெரிவிக்கலாம். பாடத்துக்குத் தேவையான காணொலிகளை முன்னரே பதிவிறக்கி வைப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, “திரை மூடிக்கொண்டாலும் கேள்வியை என்னிடம் கொண்டு வாருங்கள்” என்று வகுப்பில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.